கரு தங்குவது என்றால் என்ன?

ஆடி மாதம் தென்னாப்பிரிக்காவின் டர்பனில் குளிர்காலம். சாட்ஸ்வர்த்தில் எங்கள் தெரு அம்மன் கோயிலில் கூழ் ஊற்றும் ஞாயிற்றுக்கிழமை. பெரிய அண்டாவிலிருந்து புளித்த கூழை மொண்டு ஊற்றிக்கொண்டிருந்த ஆயா ஒருவர், வரிசையில் நின்ற இளம்பெண்ணின் கையைப் பிடித்துக்கொண்டார். “ஏம்மா, கல்யாணமாகி நாலு வருசம் ஆச்சே, இன்னும் ஒண்ணும் தங்கலையா? நெலம் சரியில்லேன்னா வெதை என்னம்மா செய்யும்? அம்மாவுக்கு நேந்துக்கோ” என்றார். அன்பாகத்தான் சொன்னார். அந்தப் பெண் கிண்ணத்தைப் பார்த்தபடியே நின்றாள். அவள் கணவன் பக்கத்திலேயே வெங்காயமும் பச்சை மிளகாயும் வாங்கிக்கொண்டிருந்தான். அவனிடம் யாரும் எதுவும் கேட்கவில்லை.

நான் பல வருடம் பிரசவ வார்டில் வேலை பார்த்தவள். இப்போதும் தெருவில் என்னை ‘சிஸ்டர்’ என்றுதான் கூப்பிடுவார்கள். அந்த ஆயா சொன்ன இரண்டு வாக்கியங்களில் ஒன்று அறிவியலுக்கு மிகவும் நெருக்கமானது, இன்னொன்று முழுத் தவறு. ‘தங்கலையா’ என்ற சொல் சரி. ‘நிலம், விதை’ தவறு. எது ஏன் என்று புரிந்துவிட்டால், கருத்தரிப்பு பற்றி வீட்டிலும் கோயில் வாசலிலும் நடக்கிற பாதிப் பேச்சு தானாகவே மாறிவிடும் என்று நம்பித்தான் இதை எழுதுகிறேன்.

விதை யாருடையது?

ஆண் விதைக்கிறான், பெண் அதை வளர்க்கிற மண் என்ற பேச்சு மிகப் பழையது. இதில் இருப்பது முதலில் ஒரு விவசாயப் பிழை. விதை என்பது ஆணும் பெண்ணும் சேர்ந்த பிறகு உண்டாகிற பொருள். சேர்வதற்கு முன்னால் விதையே கிடையாது.

கோடையில் தெருமுனையில் வேகவைத்து விற்கிற மீலியை, அதாவது மக்காச்சோளக் கதிரை, எடுத்துக்கொள்ளுங்கள். மட்டையை உரித்தால் பட்டு நூல் மாதிரி இழைகள் வரும். ஒவ்வோர் இழையின் அடியிலும் ஒரே ஒரு மணிக்கான இடம் இருக்கிறது. செடியின் உச்சியில் உள்ள ஆண் பூவிலிருந்து மகரந்தத் தூள் காற்றில் வந்து இழையின் நுனியில் விழ வேண்டும். அங்கிருந்து இழை நெடுக உள்ளே இறங்கி, அடியில் காத்திருக்கும் பெண் செல்லோடு சேர வேண்டும். சேர்ந்தால் அங்கே ஒரு மணி. தூள் விழாத இழையின் அடியில் மணி இருக்காது. சில கதிர்களில் அங்கங்கே பல் விழுந்த மாதிரி இடைவெளி இருக்குமே, அது இதனால்தான்.

ஆக ஆண் தருவது மகரந்தத் தூளுக்குச் சமமான பொருள். பெண்ணும் அதே அளவு முக்கியமான பங்கைத் தருகிறாள், அதற்கு மேல் வளர இடமும் தருகிறாள். ‘அப்பனை உரிச்சு வச்சிருக்கான்’ என்கிறோம். நம் முன்னோர்கள் 1860 முதல் இந்த நாட்டு மண்ணில் நட்ட கரும்பு அப்படிப்பட்டதுதான்: ஒரு கரணையை வெட்டி ஊன்றினால் தாய்க்கரும்பின் அச்சு அசல் நகல் முளைக்கும். பிள்ளை யாருடைய கரணையும் இல்லை. பாதி அம்மா, பாதி அப்பா.

அம்மாவின் பங்கு: ஆயா காலத்துச் சொத்து

பெண்ணின் பங்கு கருமுட்டை. கண்ணுக்குத் தெரிகிற விளிம்பில், ஒரு மணல் துகள் அளவில் இருக்கும் ஒற்றைச் செல். அது இருக்கும் இடம் சினைப்பை. கருப்பையின் இரு பக்கமும் ஒவ்வொன்று உண்டு.

பெண் குழந்தை பிறக்கும்போதே தன் வாழ்நாளுக்கான முட்டைகளோடு பிறக்கிறது. பத்து முதல் இருபது லட்சம் இருக்கும். வயதுக்கு வரும்போது மூன்று நான்கு லட்சம் மிஞ்சும். அதில் வாழ்நாள் முழுக்க முதிர்ந்து வெளியே வருவது ஏறக்குறைய நானூறு ஐந்நூறுதான். அதனால்தான் வயது ஏற ஏற, குறிப்பாக 35க்குப் பிறகு, முட்டையின் எண்ணிக்கையும் தரமும் குறைகின்றன. முட்டைக்கும் அந்தப் பெண்ணின் வயதேதான்.

இதை முதன்முதலில் வகுப்பில் படித்தபோது எனக்கு உடம்பு சிலிர்த்தது. என் ஆயா கரும்புத் தோட்டத்து பாரக்ஸில், அதாவது தொழிலாளர் குடியிருப்பில், என் அம்மாவை வயிற்றில் சுமந்திருந்தபோதே, நான் உருவான முட்டை என் அம்மாவுக்குள் இருந்திருக்கிறது. குனிந்து களை பிடுங்கிய ஆயாவின் உடம்பில் மூன்று தலைமுறை.

சரி, முட்டை எப்போது வெளியே வருகிறது? ‘பதினாலாம் நாள்’ என்று எல்லோரும் சொல்வார்கள். 28 நாள் சுழற்சி உள்ளவர்களுக்குத்தான் அந்தக் கணக்கு ஏறக்குறைய பொருந்தும். சரியாகச் சொன்னால், அடுத்த மாதவிலக்குக்குச் சுமார் 14 நாள் முன்பு வரும். 35 நாள் சுழற்சி என்றால் 21ஆம் நாள் வாக்கில். வெளியே வந்த முட்டைக்கு ஆயுள் ஒரு நாள்கூட முழுசாக இல்லை, 12 முதல் 24 மணி நேரம்.

அப்பாவின் பங்கு: இரண்டரை மாதச் சரக்கு

ஆணின் பங்கு விந்தணு. தலையும் வாலும் உள்ள மிகச் சிறிய செல். இது பிறவிச் சேமிப்பு இல்லை. வயதுக்கு வந்ததிலிருந்து தினமும் புதிதாகத் தயாராகிறது. ஓர் அணு உருவாகி முதிர ஏறக்குறைய இரண்டரை மாதம் ஆகும். இன்று வெளிவருவது போன பருவத்தின் வேலை என்று வைத்துக்கொள்ளுங்கள். போன மாதம் கடுமையான காய்ச்சல், அதற்கு முந்தைய மாதம் ஜிம்மில் யாரோ கொடுத்த ஸ்டீராய்டு ஊசி என்றால், அதன் விளைவு இப்போது தெரியும். உடம்பை முறுக்கேற்ற ஹார்மோன் ஊசி போட்டுக்கொள்ளும் இளைஞர்கள் இதைக் கவனமாகப் படிக்க வேண்டும்: வெளியிலிருந்து அந்த ஹார்மோன் ஏறினால் உள்ளே விந்தணு உற்பத்தி படுத்துவிடும். பார்க்க வாட்டசாட்டமாக இருப்பதற்கும் விந்தணுவுக்கும் சம்பந்தமே இல்லை.

ஒரு முறையில் கோடிக்கணக்கில் வெளிவந்தாலும் முட்டை இருக்கும் இடம்வரை போய்ச் சேருவது சில நூறுதான். ஆனால் பெண்ணின் உடம்புக்குள் அவை ஐந்து நாள்வரை உயிரோடு காத்திருக்க முடியும். அதனால் மாதத்தில் கருவுற வாய்ப்புள்ள நாட்கள், முட்டை வருவதற்கு முந்தைய ஐந்து நாளும் வரும் நாளும். மொத்தம் ஆறு.

இதுவரை சொன்னதைச் சுருக்கினால்: இரண்டு பேரும் ஒவ்வொரு செல் தருகிறார்கள். அவள் செல்லுக்கு வயது அதிகம், காத்திருப்பு குறைவு. அவன் செல் புதியது, காத்திருப்பு சில நாள்.

சந்திப்பு ஒரு நாள், தங்குவது இன்னொரு நாள்

சந்திப்பு நடப்பது கருப்பைக்குள் இல்லை. சினைப்பைக்கும் கருப்பைக்கும் நடுவில் உள்ள கருக்குழாயில். ஓர் அணு முட்டையின் உறையைத் துளைத்து உள்ளே நுழைந்ததும் உறை இறுகி மற்றவற்றுக்குக் கதவடைத்துவிடும். இந்தச் சேர்க்கைக்குப் பெயர் கருவுறுதல்.

மனித செல்லில் மரபுச் செய்தி 46 நீளக் கட்டுகளாக இருக்கிறது. ஒரு கட்டு ஒரு குரோமோசோம். முட்டையிலும் விந்தணுவிலும் மட்டும் பாதி, அதாவது 23. சேர்ந்தால் 46. ஆணா பெண்ணா என்று முடிவு செய்யும் குரோமோசோம் முட்டையில் எப்போதும் எக்ஸ்தான். விந்தணுவில் எக்ஸும் இருக்கலாம், ஒய்யும் இருக்கலாம். ஒய் வந்தால் ஆண். மூன்றாவதும் பெண்ணா என்று மருமகளை முறைத்த மாமியார்களை நான் வார்டு வாசலில் எத்தனையோ முறை பார்த்திருக்கிறேன். கேள்வி கேட்டே ஆக வேண்டும் என்றால் மகனைத்தான் கேட்க வேண்டும். அவன் கையிலும் அது இல்லை.

கருவுற்ற முட்டை உடனே எங்கும் ஒட்டிக்கொள்வதில்லை. இரண்டு செல், நான்கு செல், எட்டு செல் என்று பிரிந்துகொண்டே குழாய் வழியாக மெதுவாக உருண்டு வருகிறது. ஐந்தாம் நாள் வாக்கில் நூறு செல்லுக்கு மேல் உள்ள, நடுவில் நீர் நிரம்பிய குமிழி ஆகிறது. அதன் வெளிச்சுவர் பின்னால் நஞ்சுக்கொடி ஆகும், உள்ளே ஒரு பக்கமாக ஒட்டியிருக்கும் சிறு கொத்துதான் குழந்தை ஆகும். கருவுற்று ஆறாம் நாளிலிருந்து பத்தாம் நாளுக்குள் இந்தக் குமிழி கருப்பையின் மெத்தென்ற உட்சுவரில் புதைந்து வேர் பிடிக்கிறது. மருத்துவப் புத்தகத்தில் இது கருப்பதித்தல். நம் பாட்டிமார் வாயில் ‘தங்குவது’. நுண்ணோக்கி இல்லாத காலத்திலேயே, சேர்வது வேறு, நிலைப்பது வேறு என்று நம் மொழி பிரித்து வைத்திருக்கிறது.

தங்கிய பிறகுதான் எச்.சி.ஜி என்ற ஹார்மோன் தாயின் இரத்தத்தில் கலக்கிறது. ‘நான் வந்துவிட்டேன், இந்த மாதம் சுவரைக் கழற்றாதே’ என்று கரு அனுப்பும் தகவல் அது. சுவர் கழலாததால் மாதவிலக்கு வருவதில்லை. ‘முழுகாமல் இருக்கிறாள்’ என்பது இதைத்தான். மருந்துக்கடையில் வாங்கும் பரிசோதனைக் குச்சியும் இந்த ஹார்மோனைத்தான் தேடுகிறது. அதனால் உறவு கொண்ட மறுநாளே சோதித்துப் பயனில்லை.

சில வேளை கரு குழாயிலேயே தங்கிவிடும். அது ஆபத்து. நாள் தள்ளிப்போய், அடிவயிற்றில் ஒரு பக்கம் கடும் வலியோ மயக்கமோ வந்தால் வீட்டு வைத்தியம் வேண்டாம், உடனே மருத்துவமனைக்குப் போக வேண்டும்.

அப்படியானால் யார் மேல் குற்றம்?

ஆரோக்கியமான இளம் தம்பதிக்கே ஒரு மாதத்தில் கரு நிற்கும் வாய்ப்பு ஐந்தில் ஒன்று அல்லது நான்கில் ஒன்றுதான். இயற்கையின் கணக்கே அப்படி. சேர்ந்த கருக்களில் நிறைய, நாள் தள்ளிப் போகும் முன்பே யாருக்கும் தெரியாமல் நின்றுவிடுகின்றன. தெரிந்த கர்ப்பங்களிலும் நூற்றுக்குப் பத்து முதல் இருபது கலைகின்றன. அவற்றில் ஏறக்குறைய பாதி, குரோமோசோம் எண்ணிக்கை தொடக்கத்திலேயே பிசகியவை. அவள் மாடி ஏறியதாலும் இல்லை, அன்னாசி தின்றதாலும் இல்லை, யாருடைய கண் பட்டதாலும் இல்லை. கலைந்து வந்த பெண்கள் படுக்கையில் கிடந்தபடி, “நான் என்ன சிஸ்டர் தப்பு செஞ்சேன்?” என்று கேட்பார்கள். எதுவும் செய்யவில்லை என்று கையைப் பிடித்துச் சொல்வதுதான் அந்த நேரத்தில் என்னால் முடிந்த சிகிச்சை.

தடுப்பு எதுவும் இல்லாமல் ஓராண்டு முயன்றும் கரு நிற்காவிட்டால் அதைக் குழந்தையின்மை என்று உலகச் சுகாதார அமைப்பு வரையறுக்கிறது. உலகில் ஆறு பேரில் ஒருவர் வாழ்நாளில் ஒரு கட்டத்தில் இதைச் சந்திக்கிறார்கள் என்று அது 2023இல் கணக்குச் சொன்னது. பெண்ணுக்கு 35 வயதுக்கு மேல் என்றால் ஆறு மாதத்திலேயே மருத்துவரைப் பார்ப்பது நல்லது.

காரணங்கள் பல. பெண் பக்கம் முட்டை சரியாக வராதது, பழைய தொற்றால் குழாய் அடைத்துக்கொண்டது என்று போகும். ஆண் பக்கம் எண்ணிக்கைக் குறைவு, நீந்தும் வேகக் குறைவு. இப்படிச் சிரமப்படும் தம்பதிகளில் பாதிப்பேரிடம் ஆண் பக்கமும் முழுக் காரணமாகவோ ஒரு பங்காகவோ இருக்கிறது. பெண்ணுக்கான பரிசோதனைகளில் ஊசி, குழாய், வலி எல்லாம் உண்டு. ஆணுக்கு முதல் பரிசோதனை ஒரு சிறிய டப்பா. அதைச் செய்யாமல் அவளை மட்டும் நான்கு வருடம் டாக்டர் டாக்டராக அலைய விடுவது அநியாயம். ‘மலடி’ என்று வாய் கூசாமல் சொல்கிறோம். ‘மலடன்’ என்ற சொல்லும் அகராதியில் இருக்கிறது, நம் தெருவில் ஒருவரும் உச்சரித்து நான் கேட்டதில்லை. இரண்டுமே வேண்டாம்.

கண்ணாடித் தட்டில் சில நாள்

‘டெஸ்ட் டியூப் பேபி’ என்ற பெயர் கேட்டு, குழந்தை குழாய்க்குள் வளர்கிறது என்று நினைப்பவர்கள் இன்றும் இருக்கிறார்கள். உண்மையில் வெளியே நடப்பது சந்திப்பு மட்டும்தான். ஹார்மோன் ஊசி போட்டுப் பல முட்டைகளை முதிர வைத்து, அவற்றை எடுத்து, ஒரு தட்டில் விந்தணுவோடு சேர்ப்பார்கள். மூன்று அல்லது ஐந்து நாள் கழித்து கருவைக் கருப்பைக்குள் விடுவார்கள். அங்கே அது தங்க வேண்டும். தங்குவதற்கு உத்தரவாதம் கொடுக்க இன்றுவரை யாராலும் முடியவில்லை. தோல்விகள் நிறைய அந்தப் படியில்தான்.

இப்படிப் பிறந்த முதல் குழந்தை லூயிஸ் பிரவுன், 1978 ஜூலை 25, இங்கிலாந்து. அதே ஆண்டு அக்டோபரில் கொல்கத்தாவில் மருத்துவர் சுபாஷ் முகோபாத்யாய் முயற்சியில் ஒரு பெண் குழந்தை பிறந்தது. தென்னாப்பிரிக்காவில் 1984இல், கேப் டவுன் டைகர்பர்க் மருத்துவமனையில்.

சந்திப்பை வெளியே எடுத்ததும் புதிய கேள்விகள் வந்தன. ஒன்று, ஆணா பெண்ணா என்று பார்த்துக் கருவைத் தேர்ந்தெடுக்கலாமா? தென்னாப்பிரிக்க விதிகள் இதைத் தடை செய்கின்றன. ஒரு பாலரை மட்டும் தாக்கும் கடுமையான பரம்பரை நோயைத் தவிர்ப்பதற்கு மட்டும் விலக்கு. இது சரியான தடை என்பது என் உறுதியான எண்ணம். இன்னொன்று, தானமாகத் தரும் விந்தணு அல்லது முட்டை. ஒரு கொடையாளரிடமிருந்து ஆறு குழந்தைகளுக்கு மேல் பிறக்கக் கூடாது என்று வரம்பு உண்டு. டர்பன் தமிழர்களைப் போன்ற சின்னச் சமூகத்துக்கு இந்த எண் மிகவும் முக்கியம். கல்யாணத்துக்கு இரண்டு பக்கமும் விசாரித்துப் பார்த்தால் எப்படியாவது ஓர் உறவு கிளம்பும் ஊர் இது. தெரியாமல் அண்ணன் தங்கை மாலை மாற்றிக்கொள்ளக் கூடாதே.

வயிற்றைக் கொடுப்பது

தங்கும் இடமும் வேறாக இருக்கலாம். பாட்டியே பேரக்குழந்தைகளைச் சுமக்கலாம் என்று உலகுக்குக் காட்டியது இந்த நாடுதான். ட்சனீன் ஊரைச் சேர்ந்த 48 வயது பாட் அந்தோனி, கருப்பையை இழந்த தன் மகளுக்காக, மகளின் முட்டையும் மருமகனின் விந்தணுவும் சேர்ந்த கருக்களைத் தன் வயிற்றில் சுமந்தார். 1987 அக்டோபரில் மூன்று பேரக்குழந்தைகளை ஒரே பிரசவத்தில் பெற்றுக் கொடுத்தார். சுமந்தவர் பாட்டி, மரபு மகளுடையது.

தமிழில் இதை ‘வாடகைத்தாய்’ என்கிறோம். இங்கே அந்தச் சொல் பொருந்தாது, ஏனென்றால் வாடகை வாங்குவதே குற்றம். 2005ஆம் ஆண்டின் குழந்தைகள் சட்டப்படி மருத்துவச் செலவு, வேலைக்குப் போகாததால் இழந்த வருமானம் போன்றவற்றைத்தான் கொடுக்கலாம். கரு வைக்கும் முன்பே உயர் நீதிமன்றம் ஒப்பந்தத்தை உறுதிசெய்ய வேண்டும். சுமப்பவருக்கு ஏற்கெனவே உயிரோடு இருக்கும் சொந்தக் குழந்தை இருக்க வேண்டும். குழந்தை கேட்பவர்களில் ஒருவருடைய முட்டையோ விந்தணுவோ இருக்க வேண்டும் என்பது இன்னொரு நிபந்தனை. இரண்டும் தர முடியாத ஒரு பெண் அதை எதிர்த்து வழக்காடினார். 2016இல் அரசியலமைப்பு நீதிமன்றம் பெரும்பான்மைத் தீர்ப்பில் நிபந்தனை செல்லும் என்றது. ஏழைப் பெண்ணின் வயிறு சந்தைக்கு வரக் கூடாது என்பதற்காகப் பணத்துக்குத் தடை இருப்பதை நான் ஆதரிக்கிறேன். மரபுத் தொடர்பு நிபந்தனையில் எனக்கு மனம் ஒப்பவில்லை. தத்தெடுத்து வளர்த்த பிள்ளைகள் நம் குடும்பங்களில் இல்லையா?

எந்த நாளிலிருந்து உயிர்?

இந்தக் கேள்விக்கு உயிரியலில் ஒற்றைப் பதில் கிடையாது. முட்டையும் உயிர், விந்தணுவும் உயிர். ஆயாவிடமிருந்து அம்மாவுக்கு, அம்மாவிடமிருந்து எனக்கு என்று உயிர் அறுபடாமல் வருகிறது. நாம் உண்மையில் கேட்பது வேறு: ஒரு மனிதருக்குத் தர வேண்டிய மதிப்பை எந்தப் படியிலிருந்து தர வேண்டும்? கருவுற்ற கணமே என்பவர்கள் உண்டு. தங்கிய பிறகு, வெளியே பிழைக்கும் பருவத்தில், பிறந்த பிறகு என்பவர்களும் உண்டு. படிகள் எவை என்று அறிவியல் காட்டும். எந்தப் படியில் கோடு போடுவது என்பது அறத்தின் வேலை.

ஓர் உதாரணம். ஆய்வுக்கூடத்தில் மனிதக் கருவை 14 நாளுக்கு மேல் வைத்திருக்கக் கூடாது என்ற வரம்பை 1984இல் பிரிட்டனில் மேரி வார்னாக் தலைமையிலான குழு முன்மொழிந்தது. தென்னாப்பிரிக்காவின் தேசியச் சுகாதாரச் சட்டத்திலும் அதே 14 நாள் இருக்கிறது. ஏன் 14? அதுவரை ஒரு கரு இரண்டாகப் பிரிந்து அச்சு அசலாக ஒரே மாதிரியான இரட்டையர் ஆகலாம். அதற்குப் பிறகு முதுகெலும்பு வரப்போகும் இடத்தில் முதல் கோடு விழுகிறது. ஒருவரா இருவரா என்றே முடிவாகாத ஒன்றை ‘ஒருவர்’ என்று எப்படிச் சொல்வது என்பது அவர்கள் வாதம்.

மதிப்பு படிப்படியாகக் கூடுகிறது என்றுதான் எனக்குத் தோன்றுகிறது. நம் வழக்கமும் அப்படித்தான்: முதல் மூன்று மாதம் வெளியே சொல்வதில்லை, ஏழாம் மாதம் வளைகாப்பு, பிறந்த பிறகுதான் பெயர். இதை ஒப்புக்கொள்ளாதவர்களோடு எனக்குச் சண்டை இல்லை. எந்தப் படியைச் சொல்கிறீர்கள் என்று மட்டும் கேட்பேன்.

நாள் கணக்கு

கடைசியாக ஒரு குழப்பம். கர்ப்பத்தின் வாரங்களை எண்ணுவது கருவுற்ற நாளிலிருந்து இல்லை, கடைசி மாதவிலக்கின் முதல் நாளிலிருந்து. ‘நாலு வாரம்’ என்று கிளினிக்கில் எழுதினால் கருவின் உண்மை வயது இரண்டு வாரம். கருக்கலைப்பு பற்றிய 1996ஆம் ஆண்டுச் சட்டமும் இதே கணக்கில்தான் எழுதப்பட்டிருக்கிறது. 12 வாரம்வரை பெண் கேட்டாலே போதும், அதன் பிறகு 20 வாரம்வரை சில காரணங்கள் வேண்டும், அதற்கும் மேல் மிகக் கடுமையான காரணங்கள் மட்டும். கணக்குத் தெரியாமல் கணவன்மார் “நான் அப்ப ஊர்லயே இல்லையே” என்று சந்தேகப்பட்டு வீடு இரண்டுபட்டதை நான் பார்த்திருக்கிறேன். அந்த இரண்டு வார வித்தியாசம் அப்படிப்பட்டது. கிளினிக்குக்குப் போகும்போது தேதியை எழுதிக்கொண்டு போங்கள், இரண்டு பேருமாகப் போங்கள்.

இன்னொரு காரணத்துக்காகவும் நாள் முக்கியம். குழந்தையின் மூளையும் முதுகுத்தண்டும் ஆகப்போகும் குழாய் கருவுற்ற 28 நாளுக்குள் மூடிவிடுகிறது. அப்போது அவளுக்கு நாள் தள்ளிப் போய் இரண்டு வாரம்தான் ஆகியிருக்கும். பல பேருக்குச் சந்தேகமே வந்திருக்காது. அது சரியாக மூட ஃபோலிக் அமிலம் என்ற வைட்டமின் தேவை. அதனால் குழந்தை வேண்டும் என்று நினைக்கும்போதே தினம் 400 மைக்ரோகிராம் மாத்திரையைத் தொடங்கிவிட வேண்டும். மாத்திரை வாங்காதவர்களுக்கும் கிடைக்கட்டும் என்று 2003 அக்டோபர் முதல் இந்த நாட்டில் கோதுமை மாவிலும் மீலி மாவிலும் ஃபோலிக் அமிலம் சேர்ப்பதை அரசு கட்டாயமாக்கியது. அதன் பிறகு முதுகுத்தண்டு மூடாமல் பிறக்கும் குழந்தைகள் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு குறைந்தார்கள். அன்று கோயில் வாசலில் ஆயா கிளறி எடுத்து அந்தப் பெண்ணின் கிண்ணத்தில் ஊற்றிய கூழும் அந்த மாவில் காய்ச்சியதுதான்.